மாரியோவும் சோனிக்கும் ஓட மறுத்தால்: ஸ்விட்ச், வீ இரண்டுக்கும் பிழை நீக்கும் வழிமுறை

மாரியோவையும் சோனிக்கையும் ஒரே மைதானத்தில் இறக்கிய ஒலிம்பிக் கேம் வரிசை 2007-இல் தொடங்கியது. பெய்ஜிங் 2008-ஐ வைத்து நின்டெண்டோவின் வீ கேம் கருவிக்கு வந்தது முதல் கேம். வான்கூவர், லண்டன், சோச்சி, ரியோ என்று ஒவ்வோர் ஒலிம்பிக்காகத் தொடர்ந்து, 2019 நவம்பரில் டோக்கியோ 2020 கேம் அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது. கோலாலம்பூரில் என்னிடம் உதவி கேட்பவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது இரண்டில் ஒன்றைத்தான்: அந்தப் பழைய வீ கேம், அல்லது ஸ்விட்ச்சின் டோக்கியோ கேம். ஆகவே இங்கே அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையிலும் தீபாவளிக்கும் அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடும்போதுதான் கருவி படுத்துக்கொள்ளும். உடனே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். கடையில் மாட்டிப் பார்த்தால் நன்றாக வேலை செய்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் அதே கோளாறு. காரணம் எளிது. இந்தக் கேம் கை அசைவையும் கம்பியில்லாத் தொடர்பையும் டிவியையும் நம்பி நடக்கிறது. அதனால் கோளாறு கருவிக்குள் இருப்பதைவிட ஹாலில் இருப்பதே அதிகம். ஹாலைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது அல்லவா?

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

கேமை விட்டு வெளியே வாருங்கள். ஸ்விட்ச் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதற்குள் டெஸ்ட் இன்புட் டிவைசஸ். அங்கே ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்க்கலாம். வீ என்றால் முகப்புத் திரையில் நின்று ரிமோட்டை நீட்டி, கை வடிவச் சுட்டி ஒழுங்காக நகர்கிறதா என்று கவனியுங்கள்.

கேமுக்கு வெளியேயும் அதே கோளாறு இருந்தால், சிக்கல் கன்ட்ரோலரிலோ அறையிலோ இருக்கிறது. வெளியே எல்லாம் சரியாக இருந்து கேமுக்குள் மட்டும் தகராறு என்றால், பெரும்பாலும் கேமில் நீங்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு முறைதான் காரணம். இந்த ஒரு பிரிவினை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கையை எவ்வளவு ஆட்டினாலும் பாத்திரம் அசையவில்லை (ஸ்விட்ச்)

ஸ்விட்ச்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் சிறு கன்ட்ரோலர்தான் ஜாய்கான். டோக்கியோ கேமில் பெரும்பாலான போட்டிகளுக்கு இரண்டு ஜாய்கான் வைத்து ஆடுவது, ஒற்றை ஜாய்கான் வைத்து ஆடுவது, வெறும் பொத்தானில் ஆடுவது என்று முறைகள் உண்டு. போட்டி தொடங்கும் முன் இதைக் கேட்கும். பிள்ளைகள் அவசரத்தில் ஏ பொத்தானைத் தட்டித் தட்டிக் கடந்துவிடுவார்கள். பொத்தான் முறையில் நின்றுகொண்டு கையை வீசினால் யோஷி அங்கேயே நிற்கும். போட்டியிலிருந்து வெளியேறி, முறையை மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போங்கள்.

இன்னொன்று, இதே கேமில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை வைத்து இரு பரிமாணப் போட்டிகள் சில உண்டு. மாரியோ பழைய 8 பிட் உருவத்திலும் சோனிக் 16 பிட் உருவத்திலும் வருவார்கள். அவை பொத்தானுக்காகவே செய்தவை. அங்கே கை அசைவு எடுபடாது. அது கோளாறு அல்ல. ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதில் ஜாய்கானைக் கழற்ற முடியாது. அசைத்து ஆட ஆசை என்றால் தனியாக ஜாய்கான் வாங்கி இணைக்க வேண்டும்.

முறை சரியாக இருந்தும் அசைவு எடுக்கவில்லை, அல்லது ஈட்டி எறிந்தால் கோணல்மாணலாகப் போகிறது என்றால், அசைவு அளவியைச் சீர்செய்யுங்கள்:

1. ஜாய்கானைக் கருவியிலிருந்து கழற்றுங்கள்.
2. கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் பகுதியில் கேலிபிரேட் மோஷன் கன்ட்ரோல்ஸ் என்பதைத் திறங்கள்.
3. ஜாய்கானை மேசையில் சமமாக வையுங்கள். சோபாவின் மேல், மெத்தையின் மேல் வேண்டாம்.
4. இடது ஜாய்கானில் -, வலதில் + பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். முடிந்தது என்று திரை சொல்லும்வரை கை அசையக் கூடாது.

இரண்டு ஜாய்கான் பிடித்திருந்தும் ஒரு கையின் அசைவு மட்டும்தான் பதிகிறதா? சேஞ்ச் கிரிப் ஆர்டர் திரைக்குப் போங்கள். எல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு ஜாய்கானும் ஒரே ஆளுக்குச் சேரும். எஸ்எல், எஸ்ஆர் இரண்டையும் அழுத்தினால் ஒரு ஜாய்கான் படுக்கைவசமாக ஓர் ஆளுக்குப் போய்விடும். உங்கள் வலது கை மாரியோவாகவும் இடது கை இரண்டாவது ஆளாகவும் பதிவாகியிருந்தால் இந்தக் குழப்பம்தான்.

ஓட்டத்தின் நடுவில் ஜாய்கான் தொடர்பு அறுந்து போகிறது

ஜாய்கான் பேசுவது புளூடூத்தில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை ரவுட்டர்களில் பலவும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் வேலை செய்கின்றன. தண்ணீர் இந்த அலையை விழுங்கும். மனித உடம்பிலும் தண்ணீர்தானே அதிகம்.

நம் வீட்டு டிவி அலமாரியைப் பாருங்கள். நடுவில் டிவி, பக்கத்தில் இணைய ரவுட்டர், அதன் பக்கத்தில் ஆண்ட்ராய்டு பெட்டி, சில வீடுகளில் ஓரமாக ஒரு மீன் தொட்டி. ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கைப் பார்வைக்குத் தெரியாமல் டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். ஜாய்கான் கொடுக்கும் சிறு அலை இவ்வளவையும் தாண்டிப் போக வேண்டும். டாக்கை டிவிக்கு முன்னால், திறந்த இடத்தில் வையுங்கள். ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மீன் தொட்டிக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். டாக்கில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவும் இந்த அலையைக் கெடுக்கும். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் தொடர்பு அறுபடலாம்.

இதைச் செய்தும் அறுந்தால், ஜாய்கானின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய வட்டமான சிங்க் பொத்தானை ஒருமுறை அழுத்தி அணையுங்கள். பிறகு ஜாய்கானைக் கருவியின் தண்டவாளத்தில் செருகுங்கள். இணைப்பு தானாகப் புதுப்பிக்கப்படும். அதே கன்ட்ரோலர்ஸ் பகுதியில் அப்டேட் கன்ட்ரோலர்ஸ் என்பதையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

மூன்றாவது ஆளைச் சேர்க்கவே முடியவில்லை

இதற்குக் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே காரணம்தான், ஆனால் அதை யாரும் யோசிப்பதில்லை. 2021 செப்டம்பரில் வந்த புதுப்பித்தலோடு ஸ்விட்ச்சில் புளூடூத் ஹெட்போனும் ஸ்பீக்கரும் இணைக்கும் வசதி வந்தது. அப்படி ஏதாவது இணைந்திருக்கும்போது இரண்டு கம்பியில்லாக் கன்ட்ரோலருக்கு மேல் அனுமதி கிடையாது. முந்தின இரவு தம்பி தன் காதுக்கருவியை இணைத்துத் தனியாக ஆடியிருப்பான். மறுநாள் குடும்பமே கூடும்போது மூன்றாவது கன்ட்ரோலர் சேராது. சிஸ்டம் செட்டிங்ஸில் புளூடூத் ஆடியோவுக்குப் போய் அதைத் துண்டியுங்கள். உடனே சேரும். ஒருவர் இரண்டு ஜாய்கான் பிடித்தால் அது இரண்டு கன்ட்ரோலராகவே கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாரும் தொடாமல் பாத்திரம் தானாக நகர்கிறது

ஜாய்கானில் விரலால் தள்ளும் ஸ்டிக்கின் அடியில் உள்ள தொடுபரப்பு தேய்ந்தாலும், தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ளே இறங்கினாலும் இப்படி ஆகும். முறுக்கைக் கடித்த கையோடு ஆடவிடாதீர்கள்.

கேலிபிரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ் திரையைத் திறந்து, நகரும் ஸ்டிக்கை அழுத்துங்கள். வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். கையை எடுத்ததும் புள்ளி நடுவுக்குத் திரும்பினால் ஸ்டிக் நலம். ஓரத்தில் தங்கினால் எக்ஸ் பொத்தானை அழுத்தி, திரை சொல்கிறபடி சீர்செய்யுங்கள். சில நாளில் மறுபடியும் நகர ஆரம்பித்தால் தேய்மானம்தான். ஸ்டிக்கை மாற்ற வேண்டும். அது தனி உறுப்பு. முழு ஜாய்கானையும் புதிதாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

தொடக்கத் துப்பாக்கிக்கு எப்போதும் பிந்துகிறேன்

இந்தப் புகாரை நான் மிகவும் மதிக்கிறேன். சொல்பவரைப் பார்த்து "உனக்குக் கை வேகம் பத்தாது" என்று மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். சின்னப் பிள்ளை என்றால் அதோடு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் உண்மையிலேயே டிவி தாமதம் செய்யலாம்.

இன்றைய டிவிகள் படத்தை அழகாக்க, வந்த காட்சியைச் சற்று நேரம் வைத்திருந்து மெருகேற்றிவிட்டே காட்டுகின்றன. நாடகம் பார்க்க அது நல்லது. கேமில் அந்த இடைவெளி 100 மில்லி செகண்டைத் தொட்டால், நொடிக்கு 60 பிரேம் கணக்கில் 6 பிரேம் போய்விட்டது. உண்மையான தடகளத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 நொடிக்குள் காலெடுத்தாலே அது தவறான தொடக்கம். அவ்வளவு நுணுக்கமான அளவை உங்கள் டிவி தனியாகத் தின்றுகொண்டிருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி: அதே 100 மீட்டர் ஓட்டத்தைப் பொத்தான் முறையில் முதலில் டிவியில் ஆடுங்கள். பிறகு ஸ்விட்ச்சை டாக்கிலிருந்து எடுத்து, கையில் வைத்து ஆடுங்கள். கையில் ஆடும்போது தொடக்கம் கச்சிதமாக அமைந்து, டிவியில் மட்டும் பிந்தினால் டிவிதான் குற்றவாளி. டிவியின் பட அமைப்பில் கேம் மோட் என்று இருக்கும்; அதைப் போடுங்கள். சில டிவிகளில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் அந்த வசதி இருக்கும், மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்புறம் சத்தம். சவுண்ட்பார் வழியாக வரும் துப்பாக்கிச் சத்தம் பிந்தும் என்றால், கேம் ஆடும் நேரத்துக்கு டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாறுங்கள்.

பேட்மின்டன் போட்டியிலும் இதன் தாக்கம் தெரியும். மலேசியப் பேட்மின்டன் வீரர் லீ சோங் வெய்யின் மூன்று ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்மாஷ் தவறினால் யாருக்குத்தான் வலிக்காது? கேம் மோட் போட்ட பிறகு வித்தியாசத்தை அங்கேதான் முதலில் உணர்வீர்கள்.

டிவியில் படமே வரவில்லை (ஸ்விட்ச்)

டாக்கின் முன்புறத்தில் பச்சை விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் மின்சாரத்தைப் பாருங்கள். டாக்குக்கு 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய போன் சார்ஜர் ஸ்விட்ச்சுக்கு மின்னேற்றலாம், ஆனால் டிவிக்குப் படம் அனுப்ப அது போதாது. அசல் அடாப்டராகவே இருந்தால் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் கழற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். விளக்கு எரிந்தும் படம் இல்லை என்றால் எச்டிஎம்ஐ வயரை மாற்றிப் பாருங்கள்.

வீயில் சுட்டி நடுங்குகிறது, மறைகிறது, வேறு பக்கம் ஓடுகிறது

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணம் உண்டு.

டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் சென்சார் பாரில் இருப்பது அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே, இரண்டு ஓரத்திலும் ஒரு கொத்து. கேமரா இருப்பது ரிமோட்டின் முனையில். அந்தக் கேமரா இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. ஆக, அகச்சிவப்பு வெளிச்சம் தரும் எதுவும் அதை ஏமாற்றும். எண்ணெய் விளக்குச் சுடர் அப்படித்தான். சென்சார் பார் கெட்டுப்போனால் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தே சமாளிக்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமி மேடை டிவி இருக்கும் சுவரிலேயே இருந்தால், மாலையில் அம்மா விளக்கேற்றியதும் ரிமோட்டுக்கு மூன்றாவது புள்ளி தெரிகிறது. "பகலெல்லாம் நல்லா ஓடுது, ராத்திரிதான் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது" என்று சொல்பவர்கள் வீட்டில் முதலில் அந்தப் பக்கம் பாருங்கள். தீபாவளியன்று வரிசையாக அகல்விளக்கு வைத்தால் இன்னும் மோசம். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ரிமோட்டின் கண்ணில் படாதபடி டிவியைத் திருப்பி வைக்கலாம், அல்லது இடையில் ஒரு நாற்காலி முதுகையோ அட்டையையோ தீக்கு எட்டாத தூரத்தில் வைத்து மறைக்கலாம்.

பகலிலும் சிக்கல் என்றால் வெயில். அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக் கண்ணாடிக் கதவை ஒட்டி டிவி வைப்பது வழக்கம். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மாலை 7 மணி தாண்டியும் வெயில் நேராக உள்ளே விழும். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். பழைய மஞ்சள் குண்டு பல்பும் இப்படித் தொந்தரவு தரும்; எல்இடி சரவிளக்கு அவ்வளவாகத் தராது.

யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம், வீயே காட்டிக்கொடுக்கும். வீ செட்டிங்ஸ், சென்சார் பார், சென்சிட்டிவிட்டி என்று போங்கள். ரிமோட்டை டிவியை நோக்கிப் பிடித்தால் திரையில் இரண்டு புள்ளிகள் தெரிய வேண்டும். மூன்று தெரிந்தால் வேறு வெளிச்சம் இருக்கிறது, தேடிப் பிடியுங்கள். ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் பாரின் ஒரு பக்கத்தை ஏதோ மறைக்கிறது, அல்லது அந்தப் பக்கம் செத்துவிட்டது. ஒன்றுமே இல்லை என்றால், கருவிக்குப் பின்னால் பாரின் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாரைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்த விளக்குகள் தெரியும். பாரை டிவிக்கு மேலே வைத்தீர்களா கீழே வைத்தீர்களா என்பதையும் அதே அமைப்பில் சரியாகக் குறியுங்கள். ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் நில்லுங்கள்.

ரிமோட் இணையவே இல்லை என்றால், பேட்டரி மூடிக்கு உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானையும், கருவியில் எஸ்டி கார்டு மூடிக்கு உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்துங்கள். விலை மலிவான போலி ரிமோட் இந்தக் கேமில் அதிகம் சிரமப்படுத்தும், ஓட்டத்துக்கு வேகமாகக் குலுக்கும்போது அதன் அசைவு அளவி தடுமாறும். ஓர் அசல் ரிமோட்டை இரவல் வாங்கி ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீ டிஸ்க்கைப் படிக்கவில்லை. அதோடு ஓர் எச்சரிக்கை

வீயில் வட்டாரப் பூட்டு உண்டு. அமெரிக்க டிஸ்க் ஐரோப்பிய வீயில் ஓடாது, ஜப்பானியது இரண்டிலும் ஓடாது. இங்கே பல நாட்டுக் கருவிகளும் கைமாறி வந்திருப்பதால், பழைய டிஸ்க் வாங்கும் முன் உறையில் உள்ள வட்டாரக் குறியையும் கருவியின் அடியில் உள்ள குறியையும் பாருங்கள். ஸ்விட்ச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. வட்டாரம் பொருந்தியும் படிக்கவில்லை என்றால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

எச்சரிக்கை இதுதான். அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தது. மலேசியாவில் சுவரில் வருவது 230 முதல் 240 வோல்ட். பிளக் மாற்றியை மட்டும் போட்டுச் செருகினால் அடாப்டர் போய்விடும், சூடேறி ஆபத்தும் வரலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வேண்டும், அல்லது 240 வோல்ட்டுக்கான வீ அடாப்டரை வாங்க வேண்டும். ஸ்விட்ச்சின் அசல் அடாப்டர் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அதற்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். மாலை மழையில் இடி விழத் தொடங்கினால் இரண்டையுமே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இணையத்தில் ஆட ஆள் கிடைக்கவில்லை

ஸ்விட்ச்சில் இதற்குச் சந்தா வேண்டும். சந்தா இருந்தும் அறுந்தால் இன்டர்நெட் செட்டிங்ஸில் டெஸ்ட் கனெக்ஷன் ஓட்டி, நாட் டைப் (உங்கள் இணைய இணைப்பின் வகை) என்ன என்று பாருங்கள். ஏ, பி என்றால் நல்லது. டி வந்தால் சிலரோடு இணைய முடியாது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வீட்டு இணையத்துக்கு மாறுங்கள்.

ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை

கோளாறு இல்லை. டோக்கியோ கேமில் ரோசலினா போன்ற விருந்தினர் பாத்திரங்கள் அவரவருக்குரிய போட்டியில் மட்டுமே வருவார்கள்.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால்

ஸ்டிக் தேய்மானம், ஜாய்கான் மின்னேறாதது, டாக்கின் துளை ஆடுவது, இவையெல்லாம் வீட்டில் தீராது. கோலாலம்பூரின் மின்னணுக் கடை வளாகமான லோ யாட் பிளாசா பக்கம் போனால் இந்த வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். "கெட்டுப்போச்சு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "பாஸ், இடது ஸ்டிக் சீர்செய்த பிறகும் ஓரத்திலேயே நிற்கிறது, ஸ்டிக்கை மட்டும் மாற்ற எவ்வளவு வெள்ளி?" என்று கேளுங்கள். எந்தச் சோதனையெல்லாம் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தேவையில்லாத வேலைக்குக் கூலி கொடுக்க மாட்டீர்கள்.

ஜாய்கான் பழுது என்றால் ஜாய்கானை மட்டும் கொடுங்கள், கருவி வீட்டிலேயே இருக்கட்டும். கருவியையே கொடுக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பிள்ளைகள் முடித்த கதைப் பகுதியும் உடைத்த சாதனைகளும் பதிவாகியிருப்பது கருவியின் உள் நினைவகத்தில்தான், கேம் கார்டிலோ மைக்ரோ எஸ்டி கார்டிலோ அல்ல. சந்தா உள்ளவர்கள் முதலில் மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். சந்தா இல்லாதவர்கள், நினைவகத்தை அழிக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.